அடுக்களைக் கணக்கும் அரசாங்கக் கணக்கும்

வீட்டிலே வரவு செலவு பார்ப்பவள் இல்லாள். நாட்டிலே வரவு செலவு பார்ப்பவர் நிதியமைச்சர். இருவர் கையிலும் இருப்பது பிறர் உழைத்த பணம். இருவருக்கும் வரவு சிறிது. கை நீட்டுவோர் பலர். இத்துணை ஒற்றுமை இருந்தும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. மாத முடிவில் ஐந்நூறு ரூபாவுக்குக் கணக்குச் சொல்ல முடியாமற் போனால் வீட்டில் இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேச்சில்லை. நாட்டிலோ, கோடிக்கணக்கான ரூபாவுக்குக் கணக்குச் சொல்ல முடியாமற் போனவர்கள் மாலை சூடி மேடையேறக் கண்டிருக்கிறோம். இந்த வேற்றுமை ஏன் வந்தது, அதனைக் குறைக்க நம்மால் ஆவது ஏதேனும் உண்டா என்பதைக் குடும்பத்தோடு அமர்ந்து சற்றே சிந்திப்போம்.

நாம் வாழும் மாவனல்லை, கொழும்பு–கண்டி நெடுஞ்சாலையில் கேகாலைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையே, மகா ஓயாவின் கரையில் அமைந்த சிறு பட்டினம். சுற்றிலும் ரப்பரும் தேயிலையும் மிளகும் கராம்பும் விளையும் மலைகள். சம்பள நாளில் தோட்டத்து லயங்களிலிருந்து இறங்கி வரும் தமிழ்க் குடும்பங்களும், பட்டினத்து முஸ்லிம் வணிகர்களும், கிராமத்துச் சிங்கள உழவர்களும் ஒரே கடைத்தெருவில் ஒரே விலைக்குத்தான் பருப்பு வாங்குகின்றனர். பேசும் மொழி வேறாயினும், விலையைக் கேட்டதும் விடும் பெருமூச்சு ஒன்றே.

எம் வீட்டு அலமாரியில் ஒரு கொப்பி உண்டு. அரிசி, மா, பருப்பு, சீனி, தேங்காய், சவர்க்காரம், மின்சாரக் கட்டணம், பிள்ளைகளின் பஸ் கட்டணம், சீட்டுக் காசு என்று நாள்தோறும் எழுதி வைப்பது எம் இல்லத்தரசியின் வழக்கம். அரசாங்கத்தின் அலங்கோலத்தைப் பற்றி நாம் பத்திரிகையை விரித்து உரத்துப் படிக்கும்போதெல்லாம், “நீங்க சத்தம் போட்டா அமைச்சருக்குக் கேக்குமா? தேங்காய் என்ன விலைன்னு போட்டிருக்கா, அதப் பாத்துச் சொல்லுங்க” என்பாள் அவள். சினத்தை விடக் கணக்கு பெரிதென்பது அவள் கொள்கை. நாட்டு நடப்பைக் கண்டு சினவாத வீடு இன்று இல்லை. அந்தச் சினம் கணக்காக மாறாதவரை, அது தேநீர்க் கோப்பையோடு ஆறிப் போகும் என்பதே நாம் ஈண்டுச் சொல்ல வந்தது.

கொப்பி காட்டும் வரலாறு

பழைய கொப்பிகளைப் புரட்டினால் 2021, 2022 ஆகிய ஈராண்டுகளும் ஒரு துயரக் கதைபோல் விரிகின்றன. 2021 செப்டெம்பரில் 12.5 கிலோ லிட்ரோ சமையல் எரிவாயுச் சிலிண்டரின் கொழும்பு விலை 1,493 ரூபா. ஒக்டோபரில் அது 2,675 ரூபா. 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. அக்காலத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. ஐந்து நாள் வெயிலிலும் மழையிலும் நின்று பேர் போட்டால் ஒரு சிலிண்டர்! விறகை நம்பிய லயத்துக் குடும்பங்கள் இந்த அடியிலிருந்து ஓரளவு தப்பின. ஆனால் விளக்கெரிக்கவும் ஈர விறகை மூட்டவும் மண்ணெண்ணெய் வேண்டுமே. 2022 ஓகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவாக உயர்ந்தது. ஒரு லீற்றர் எண்ணெயை வாங்கி வருபவள் தன் நாட்கூலியில் மூன்றில் ஒரு பங்கைக் கையில் ஏந்தி வந்தாள்.

அதே மாதத்தில் மின்சாரக் கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது. மாதம் முப்பது அலகுக்கும் குறைவாகப் பாவித்த ஏழை வீடுகளுக்கே அந்த ஏற்றம் விகிதத்தில் மிகப் பெரிது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பொருள்களின் விலை ஓராண்டில் ஏறத்தாழ 95 வீதம் உயர்ந்திருந்தது. இதன் பொருள் என்ன? முந்திய ஆண்டு ஒரு குடும்பம் எவ்வளவு உண்டதோ, அதே பணத்துக்கு அதில் பாதியே கிடைத்தது. இந்தப் பாதியை யார் விட்டுக் கொடுத்தார் என்று விசாரித்தால் பெரும்பாலும் அது தாயாகவே இருக்கும். கடைசியாகச் சட்டி கழுவுபவளே கடைசியாக உண்பவளும் ஆவாள்.

மாணவர்களும் இதனை மறந்திரார். 2022 மார்ச்சில் தாள் இல்லாமையால் மேல் மாகாணத்துப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அச்சுத்தாள் கிட்டாமல் பத்திரிகைகள் சிலவும் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. பரீட்சை வேண்டாமென்று பிள்ளைகள் பிரார்த்திப்பது உண்டு. ஆனால் நாட்டில் தாள் வாங்கக் காசில்லை என்பதால் பரீட்சை நின்றதைக் கண்டு மகிழ்ந்த பிள்ளையை நாம் காணவில்லை.

அந்த ஏப்ரல் மாதம் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. சுதந்திரம் பெற்ற பின் இந்நாடு கண்ட முதல் முறிவு அது. ஒரு வாரம் கழிந்தது. ஒரே இரவில் ஒரு லீற்றர் பெற்றோல் 254 ரூபாவிலிருந்து 338 ரூபாவாயிற்று. எம்மூரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள ரம்புக்கனையில், எரிபொருளுக்குக் காத்து நின்று சலித்த மக்கள் புகையிரதப் பாதையை மறித்தனர். ஏப்ரல் 19ஆம் நாள் மாலை பொலீசார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். கொழும்பில் எடுத்த தீர்மானங்களின் விலையைக் கேகாலை மாவட்டத்துக் குடும்பமொன்று உயிரால் செலுத்தியது. இதைப் பொருளாதாரப் பாடமென்று மட்டும் எவரும் சொல்லிவிட முடியாது.

பழங்கதையும் ஒன்றுண்டு

திறைசேரியின் முடிவு அடுக்களையில் வந்து முட்டுவது புதிதன்று. 1952 டிசம்பரில் இலங்கையும் சீனாவும் ரப்பர்–அரிசி உடன்படிக்கை செய்தன. ஆண்டுதோறும் 50,000 தொன் ரப்பருக்கு ஈடாக 270,000 தொன் அரிசி என்பது ஏற்பாடு. கேகாலை மலைகளில் விடியற்காலையில் வெட்டிய பால், கடல் கடந்து அரிசியாகத் திரும்பி வந்து உலையேறிற்று. அரசாங்கத்தின் பேரம் ஒன்று நல்ல முறையில் அமைந்தால் அது எவ்வாறு அடுப்படி வரை வந்து சேரும் என்பதற்கு இது சான்று.

அடுத்த ஆண்டே இதற்கு மறுதலையான காட்சியும் நடந்தது. 1953 ஜூலையில், பங்கீட்டு அரிசிக்கான மானியச் சுமை தாங்க முடியாதெனக் கூறி, 25 சதத்துக்கு விற்ற ஒரு கொத்து அரிசியின் விலையை 70 சதமாக அரசாங்கம் உயர்த்தியது. ஓகஸ்ட் 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். அரிசி விலை ஒரு பிரதமரை வீட்டுக்கு அனுப்பியது என்று இன்றும் பெரியவர்கள் சொல்வர்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அந்த அரிசிக்கு ரப்பர் தந்த தோட்டத்து மக்களில் மிகப் பலர், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்து வந்த தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் வாக்குரிமை இழந்திருந்தனர். உழைப்பு அவர்களுடையது, கணக்குக் கேட்கும் உரிமை பிறருடையது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தமும் பின்வந்த சட்டங்களும் கடந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் எஞ்சியோரின் நாடற்ற நிலை பெரும்பாலும் நீங்கிற்று. வாக்கில்லாதவன் கணக்குக் கேட்டால் வாயை மூடு என்பர். இன்று வாக்குண்டு, வாயும் திறக்கலாம். எதைக் கேட்பது என்பதை அறிந்திருத்தலே இனித் தேவை.

வீட்டின் நான்கு விதிகள்

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் வீட்டுப் பணத்தைப் பற்றி நான்கு விதிகள் தெரியும். அவற்றை எடுத்துக்கொண்டு அரசாங்கத்தின் வாசலில் நின்று பார்ப்போம்.

முதலாவது, கடன் பட்டிருக்கும்போது வரவைக் குறைத்துக்கொள்ளாதே. கடைக்காரருக்கும் சீட்டுக்காரருக்கும் கொடுக்க வேண்டியிருக்கையில், “இனி வாரம் மூன்று நாள் மட்டுமே வேலைக்குப் போவேன்” என்று எந்தக் குடும்பத் தலைவனும் சொல்லான். 2019 டிசம்பரில் இந்நாடு அதனைச் செய்தது. பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 120 இலட்சம் ரூபாவுக்கு மேல் விற்கும் வணிகர்கள் செலுத்தி வந்த அவ்வரியை, இனி 3,000 இலட்சத்துக்கு மேல் விற்பவர்கள் செலுத்தினால் போதும் என்றாயிற்று. தேசிய உற்பத்தியில் பதினொரு வீதத்துக்கு மேலிருந்த வரி வருமானம் அடுத்த ஆண்டே எட்டு வீதமளவில் விழுந்தது. பெருந்தொற்று அதன் பின்னர் வந்தது. மடையை முன்னரே நாம் திறந்து விட்டிருந்தோம்.

இரண்டாவது, கடனெடுத்தால் அது சோறு போட வேண்டும். பசு வாங்கக் கடன்படலாம், பால் வரும். பந்தல் போடக் கடன்பட்டால் பாக்கியிருப்பது மூங்கிலே. 2013 மார்ச்சில் திறக்கப்பட்ட மத்தள விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 20 கோடி டொலர் செலவாயிற்று. அதில் மிகப் பெரும் பகுதி சீன வங்கிக் கடன். விமானங்கள் வராத அந்த நிலையத்தின் கட்டடங்கள் 2015இல் நெல் மூடைகள் அடுக்கப் பயன்பட்டன. கொழும்பில் ஏறத்தாழ 350 மீற்றர் உயர்ந்து நிற்கும் தாமரைக் கோபுரமும் பத்துக் கோடி டொலருக்கு மேல் விழுங்கிற்று. 2019 செப்டெம்பரில் திறப்பு விழா நடந்தது. பொதுமக்கள் உள்ளே செல்ல மூன்றாண்டு காத்திருந்தனர். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டதையும் யாவரும் அறிவர். எனினும் எல்லாப் பழியையும் சீனக் கடன்மேல் போடுவது கணக்கறியாதார் பேச்சு. 2007 முதல் சர்வதேசச் சந்தையில் முறிகள் விற்று, உயர்ந்த வட்டிக்கு டொலர் திரட்டியதே கழுத்தை நெரித்த பெருங்கயிறு.

மூன்றாவது, வட்டி கட்டக் கடன்படும் நிலை வந்தால், அன்றே வீட்டைக் கூட்டிப் பேசு. 2020 முதல் 2022 வரையுள்ள ஒவ்வோர் ஆண்டிலும் அரசாங்கத்துக்கு வந்த வருமானத்தில் நூறு ரூபாவுக்கு எழுபது ரூபாவுக்கு மேல் வட்டிக்கே போயிற்று. மீதி முப்பதுக்குள் மருந்து, பாடசாலை, சம்பளம், பாலம் அனைத்தும் அடங்க வேண்டும். 2022 இறுதியில் மத்திய அரசாங்கத்தின் கடன் 27 இலட்சம் கோடி ரூபாவைத் தாண்டிற்று. அதனை ஆள்வீதம் பிரித்தால், தொட்டிலில் கிடக்கும் குழந்தை உட்பட ஒவ்வொருவர் தலையிலும் 12 இலட்சத்துக்கு மேல். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 50 இலட்சத்தை நெருங்கும். அடகுக் கடையில் ஒரு சோடித் தோட்டை வைப்பதற்கே ஏழு இரவு யோசிக்கும் குடும்பம், தன் பேரில் இவ்வளவு கடன் ஏறியதைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ள நேர்ந்தது.

நான்காவது, செலவைச் சுருக்கும்போது பிள்ளையின் பாலிலிருந்து தொடங்காதே. முதலில் அப்பாவின் சுருட்டு, பின்னர் அம்மாவின் புதுச்சேலை, அதன் பின்னரே மற்றவை. நாட்டில் நடந்தது வேறு. குறைத்த வரியை மீண்டும் ஏற்றிய போது, பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 12 வீதம், செப்டெம்பரில் 15 வீதம், 2024 ஜனவரியில் 18 வீதம் என்று படியேறியது. இவ்வரி சவர்க்காரத்தின் மேலும் கைப்பேசிக் கட்டணத்தின் மேலும் விழும். மாளிகையில் வாழ்பவரும் லயத்தில் வாழ்பவரும் அதே கட்டிச் சவர்க்காரத்துக்கு அதே வரியையே கட்டுகின்றனர். விழாக் காலத்தில் வந்த கடனை விழாவுக்கு அழைக்கப்படாதவர்கள் அடைக்கின்றனர்.

நாடு வீடன்று என்பாரும் உண்டு

பொருளியல் கற்ற மாணவர்கள் இவ்விடத்தில் எம்மை மறிப்பர். “வீட்டையும் நாட்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? வீடு பணம் அச்சிட முடியாது, அரசு அச்சிடும். வீடு சிக்கனம் பிடித்தால் சேமிப்பு உண்டு, அரசு கண்மூடிச் சிக்கனம் பிடித்தால் பலருடைய வேலை போகும்” என்பர். அது நியாயமான வாதமே. அரசின் செலவெல்லாம் வீண் என்று சொல்வார் கூட்டத்தில் நாமும் சேரோம்.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் வந்த இலவசக் கல்வி அரசின் செலவே. 1980 முதல் வரும் இலவசப் பாடநூலும் 1993 முதல் வரும் சீருடைத் துணியும் அரசின் செலவே. தோட்டப் பாடசாலைகளை 1970களில் அரசு பொறுப்பேற்கும் வரை, மலையகத்துப் பிள்ளைகளுக்கு அந்த இலவசக் கல்வியின் பலன் ஒழுங்காகக் கிட்டவில்லை. எனவே எம் மக்களுடைய நெடுநாட் குறை, அரசு செலவு செய்ததன்று, எமக்காகச் செய்யாததே. மாவனல்லையில் மகா ஓயாவுக்கு மேல் 1830களில் கட்டப்பட்ட செங்கற்பாலம் அந்நாளில் பெருஞ்செலவாகவே தோன்றியிருக்கும். அது எத்தனை தலைமுறையைச் சுமந்தது!

செய்யாத செலவின் விலையையும் நாம் கண்ணாற் கண்டிருக்கிறோம். 2016 மே 17ஆம் நாள் அண்டையிலுள்ள அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் மண்ணுள் மறைந்தும் போயினர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். கேகாலையும் கண்டியும் நுவரெலியாவும் பதுளையும் மண்சரிவால் துடித்தன. மலைச்சரிவில் நிற்கும் பழைய லயத்திலிருந்து ஒரு குடும்பத்தைப் பாதுகாப்பான நிலத்துக்கு மாற்றும் பணம் செலவல்ல, கூரை வேய்வது போன்ற கடமை. மழைக்கு முன் கூரை வேயாத வீட்டில் வாசலுக்கு மட்டும் தோரணம் கட்டினால் ஊர் சிரிக்கும். ஊர் சிரிப்பதற்குரிய காரியத்தை நாடு செய்தால் நாம் கைதட்டுவது ஏனோ?

ஆகவே வீட்டுக்கும் நாட்டுக்கும் தொகையிலும் வழிமுறையிலும் வேறுபாடு உண்டென்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் செலவுக்கு முன் கேட்பதும், செலவின் பின் எழுதுவதும், எழுதியதைக் காட்டுவதும் இரண்டுக்கும் பொது. திருவள்ளுவர் வரவு செலவின் அளவைப் பற்றி வலியறிதல் என்னும் அதிகாரத்தில் பேசினார். அதனை இல்லறவியலில் வைக்காமல் அரசியலில் வைத்ததன் கருத்தை மாணவர்கள் எண்ணிப் பார்க்க.

தராசைப் பார்க்கும் கண்

மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணைக் கவனியுங்கள். கூடை நிறைந்து நிறுவைக்கு வந்ததும் அவள் கண் வேறெங்கும் போகாது. தராசின் மேலேயே நிற்கும். சாக்குக்கு எத்தனை கழித்தார்கள், ஈரத்துக்கு எத்தனை கழித்தார்கள், தன் பேருக்கு எத்தனை கிலோ விழுந்தது என்று மனக்கணக்காகச் சொல்லிவிடுவாள். ஒரு கிலோ குறைந்தால் கணக்கப்பிள்ளையிடம் அங்கேயே கேட்பாள். பள்ளிக்கூடம் நீடித்துப் போகாத அந்தப் பெண்ணின் கண்தான் ஒரு குடியரசுக்கு வேண்டிய கண். கொழுந்துத் தராசைப் பார்ப்பவள் திறைசேரித் தராசைப் பார்க்கக் கூடாதா?

பார்க்கலாம் என்பதற்கு அயலிலேயே சான்றுண்டு. இந்தியாவின் ராஜஸ்தானில், வறட்சி நிவாரண வேலை செய்த கூலிமக்கள், தங்கள் ஊரில் யார் பேரில் எத்தனை நாட்கூலி எழுதப்பட்டது என்ற வரவேட்டைக் காட்டும்படி கேட்டனர். மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அமைப்பு 1994 முதல் கிராமங்களில் பொது விசாரணைகள் நடத்தி, அந்த ஏடுகளை உரத்துப் படித்துக் காட்டியது. செத்தவர் பேரிலும் கூலி, கட்டாத கட்டடத்துக்கும் பணம்! அங்கே எழுந்த குரல் வளர்ந்துதான் 2005இல் இந்தியா முழுவதற்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டமாயிற்று. தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்டில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாநிலத்தின் கடனை வீட்டுவீதம் பிரித்து, ஒவ்வொரு குடும்பத்தின் மேலும் 2 இலட்சத்து 63 ஆயிரம் ரூபாவுக்கு மேல் சுமையிருப்பதாகக் கூறிற்று. அவ்வறிக்கையைப் பற்றி அரசியல் விவாதங்கள் எழலாம். ஆனால் கடனைக் குடும்பத்தின் மொழியில் சொன்ன முறை பின்பற்றத் தக்கது.

நம் நாட்டிலும் வழி மூடிக் கிடக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. பிரதேச சபையாயினும் அமைச்சாயினும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். எழுத்தில் கேட்டால் 14 வேலைநாட்களுள் தருவதா மறுப்பதா என்று அவர் தீர்மானம் சொல்ல வேண்டும். எதற்காகக் கேட்கிறாய் என்று வினவ அவருக்கு உரிமையில்லை. மறுத்தால் மேன்முறையீடு செய்ய ஆணைக்குழுவும் உண்டு. தமிழிலேயே எழுதலாம்.

நீதிமன்ற வாசலும் திறந்ததை நாம் கண்டோம். பொருளாதார வீழ்ச்சிக்கு யார் பொறுப்பு என்று பொதுமக்கள் சிலரும் ஓர் அமைப்பும் தொடுத்த வழக்குகளில், 2023 நவம்பர் 14ஆம் நாள் உயர் நீதிமன்றம் நால்வருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. முன்னாள் சனாதிபதிகள் கோட்டாபய ராஜபக்ச, மகிந்த ராஜபக்ச, முன்னாள் நிதியமைச்சர் பசில் ராஜபக்ச, மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவர், உயர் அதிகாரிகள் ஆகியோர் மக்களின் அடிப்படை உரிமையை மீறினர் என்பது தீர்ப்பு. தண்டமோ சிறையோ விதிக்கப்படவில்லை. வழக்குத் தொடுத்தோருக்குச் செலவுத் தொகை மட்டுமே. “இதற்குத்தானா இவ்வளவு?” என்று எம் மகள் கேட்டாள். கணக்குத் தவறினால் பெரிய மனிதரையும் பேர் சொல்லிக் குற்றங்காணலாம் என்று ஏட்டில் பதிந்தது சிறிதன்று என்றோம். முழுத் திருப்தி எமக்கும் இல்லை.

2025 செப்டெம்பரில் முன்னாள் சனாதிபதிகளின் மாளிகை முதலிய சலுகைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியபோது பலர் மகிழ்ந்தனர். நாமும் மகிழ்ந்தோம். எனினும் அந்தச் சேமிப்பு கடலில் கரைத்த உப்புப் போன்றது. மாளிகைச் செய்தியைப் படித்து மகிழும் நேரத்தில், வட்டிக்குப் போகும் பெருந்தொகையைப் பார்க்க மறந்தால், பிச்சைக்காசை எண்ணிப் பெட்டியைப் பறிகொடுத்த கதையாகிவிடும். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக்கி, வருகைக்கு நாளொன்றுக்கு 200 ரூபாவை அரசே தருவதாகவும் அறிவித்தனர். இது வரவேற்கத் தக்க செலவு. அந்த இருநூறு ரூபா எத்தனை பேருக்கு, எத்தனை நாளுக்கு, எவர் கை வழியாகச் சேர்ந்தது என்பதையும் தராசைப் பார்க்கும் அதே கண்ணால் பார்க்க வேண்டும்.

குடும்பங்களுக்கும் மாணவர்களுக்கும்

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. வீட்டில் கணக்குக் கொப்பி இல்லையெனில் இன்றே ஒன்றைத் தொடங்குங்கள். பிள்ளைகள் அதனைப் பார்க்கட்டும். கூட்டல் அவர்கள் போடட்டும். கடன் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் வீட்டில் வளர்ந்த பிள்ளை, நாளை மேடையில் நிற்பவர் “கோடி” என்று சொல்லும்போது வாயைப் பிளக்காது, “எங்கிருந்து?” என்று கேட்கும்.

மாணவர்கள் வரவு செலவுத் திட்டம் பத்திரிகையில் வெளிவரும் நாளில் ஒரு தாளை எடுத்து இரண்டு கோடு இழுக்கட்டும். வரவு என்ன, வட்டி எவ்வளவு, கல்விக்கும் சுகாதாரத்துக்கும் எவ்வளவு, கடனாக வாங்குவது எவ்வளவு என்று நான்கு எண்களை எழுதட்டும். அடுத்த ஆண்டு அதே தாளை எடுத்து, சொன்னது நடந்ததா என்று ஒப்பிடட்டும். பாடசாலைச் சுவரில் அந்தத் தாள் தொங்கினால் ஆசிரியர்களும் படிப்பார்கள்.

ஊர்மக்கள் தம் ஊரில் ஓராண்டில் நடந்த ஒரே ஒரு வேலையைத் தேர்ந்துகொள்ளட்டும்: ஒரு பாதை, ஒரு மதகு, ஒரு நீர்க்குழாய்த் திட்டம். அதற்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, பொறுப்பேற்றவர் யார் என்று மூன்று கேள்விகளைத் தகவல் அலுவலருக்கு எழுதட்டும். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே மனுவில் கையொப்பமிடக் கூடிய காரியம் இதுபோல் வேறில்லை. மதகு உடைந்தால் மூவரும் ஒரே வெள்ளத்தில்தான் நிற்பர்.

மூன்று கேள்வியும் ஒரு தபால் முத்திரையும் நாட்டைத் திருத்திவிடுமா என்று நகைப்பார் இருக்கலாம். இல்லாளின் கொப்பியும் ஒருநாளில் வீட்டைத் திருத்துவதில்லை. ஆனால் கொப்பி எழுதும் வீட்டில் கடைக்காரர் இரண்டு தடவை யோசித்த பின்னரே கணக்கைக் கூட்டி எழுதுவார். ஒவ்வோர் ஊரிலிருந்தும் இத்தகைய கடிதங்கள் போய்ச் சேரத் தொடங்கினால், கொழும்பிலும் பேனாவைத் தொடுமுன் இரண்டு தடவை யோசிப்பார்கள்.